நான் துடைத்த கதவு

அந்தக் கட்டடத்தில் நான் ஜனிட்டராகச் சேர்ந்து ஆறாவது வருடம் அது. மொன்றியலில், கோட்-டெ-நேஜ் பகுதியில், செங்கல்லால் கட்டிய பழைய மூன்று மாடிக் கட்டடம். பதினெட்டு வீடுகள். நிலவறையில், கொதிகலன் அறைக்குப் பக்கத்தில், எனக்கும் மனைவிக்கும் ஒரு சிறிய வீடு தந்திருந்தார்கள். படி கழுவுவது, குப்பையை வெளியே வைப்பது, பனி வழிப்பது, பூட்டு மாற்றுவது, பெயின்ற் அடிப்பது எல்லாம் என் வேலை. ஆட்களோடு அதிகம் பேசத் தேவையில்லை என்பதாலேயே அது எனக்குப் பிடித்திருந்தது. நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். ஆங்கிலம் ஓரளவு வரும், பிரெஞ்சு அதைவிடக் குறைவு. யாராவது எதையாவது கேட்டால், பதிலை மனதுக்குள் ஒருமுறை கட்டிப் பார்ப்பதற்குள் அவர்கள் போய்விடுவார்கள்.

மூன்றாம் மாடியில், படி ஏறியதும் இடது கைப்பக்க வீட்டில், எழுபத்தாறு வயதுப் பெண் ஒருவர் தனியாக இருந்தார். யூதர். இந்த நகரத்திலேயே பிறந்தவர். ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவரை நான் மடாம் என்று கூப்பிட்டேன். அவர் என்னை மிஸ்டர் என்றார். நாங்கள் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் என் ஞாபகத்தில் அவர் எங்கள் ஊர்த் தமிழிலேயே பேசுகிறார், அவருடைய மகனும் அப்படித்தான். அதனால் அப்படியே எழுதுகிறேன்.

அவருடைய வாசல் நிலையில், வலது பக்கம், தோள் உயரத்தில், விரல் நீளத்துக்கு ஓர் உலோகப் பெட்டி சற்றுச் சரிவாகப் பொருத்தியிருக்கும். நான் வந்த முதல் வருடம் நிலைகளுக்குப் பெயின்ற் அடிக்கும்போது, அது பழுதாகிப்போன அழைப்பு மணி என்று நினைத்துத் திருகாணியைக் கழற்றத் தொடங்கினேன். கதவு படாரென்று திறந்தது.

"மிஸ்டர்! அதிலை கை வைக்காதேங்கோ!"

"மணி வேலை செய்யேல்லை, மடாம். புதுசு பூட்டித் தாறன்."

"அது மணி இல்லை. அது கடவுளுக்கு. அவர் மணி அடிச்சு வாற ஆள் இல்லை."

பிறகு விளக்கினார். உள்ளே ஒரு தோல் சுருளில் கையால் எழுதிய பிரார்த்தனை இருக்கிறதாம். மெசூசா என்று பெயர். யூத வீடுகளின் வாசலில் வைப்பார்கள். போகும்போதும் வரும்போதும் அவர் அதை விரலால் தொட்டு, விரலை உதட்டில் வைத்துக்கொள்வார். எனக்கு முன்பிருந்த ஜனிட்டர் அதற்கு மேலேயும் சேர்த்துப் பெயின்ற் அடித்துவிட்டிருந்தார். நான் அதைச் சுரண்டித் துடைத்து, சுற்றி ஒட்டுநாடா ஒட்டி, சின்னத் தூரிகையால் ஓரத்தை அடித்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர் சுட்ட பின்னல் ரொட்டியில் பாதி எங்கள் கதவுக் கைப்பிடியில் ஒரு பையில் தொங்கும். என் மனைவி அதைத் தேங்காய்ச் சம்பலோடு சாப்பிடுவாள்.

எங்கள் ஆட்கள் யூதர்களைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுவார்கள். நகரின் வில்லரே பகுதியில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் டெப்பனர் நடத்தினார். பாலும் பியரும் லொத்தர்ச் சீட்டும் விற்கிற மூலைக் கடை. சனிக்கிழமைகளில் நாலைந்து பேர் அங்கே நின்று கதைப்பது வழக்கம். நான் ஓரமாக நின்று கேட்பேன்.

"உனக்கென்ன, யூதன்ரை கட்டிடத்திலை இருக்கிறாய்," என்றார் கடைக்கார அண்ணை ஒருநாள்.

"கட்டிடம் அவையின்ரை இல்லை, அண்ணை. அந்த மனிசியும் வாடகைதான்."

"உவை வாடகைக்கு இருக்கிற ஆக்களே? விசர்க்கதை கதைக்காதை. உலகமே உவையின்ரை கையிலை."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அரை மணித்தியாலம் கழித்து அதே அண்ணை, இலங்கைப் போரைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "யூதரைப் பாருங்கோடா. நாடில்லாமல் அலைஞ்ச சனம். பேந்து எடுத்தாங்களோ இல்லையோ? நாங்களும் அப்பிடி ஒற்றுமையா நிக்கோணும்," என்றார். அப்போதும் எல்லோரும் தலையாட்டினார்கள்.

இந்த இரண்டாவது பேச்சை நல்ல செய்தி என்று நினைத்து ஒருநாள் மடாமிடம் சொன்னேன். எங்கள் ஆட்கள் உங்கள் ஆட்களைப் போல வர விரும்புகிறார்கள் என்று. அவர் முழங்காலைத் தடவினார்.

"அவைக்குச் சொல்லுங்கோ, எனக்கு முழங்கால் வருத்தம். ஒரு நாடும் நடத்தேலாது எண்டு."

நான் சொல்லப்போவது இரண்டாயிரத்தேழாம் ஆண்டில் நடந்தது. அந்த இலையுதிர்காலம் முழுவதும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒரே விவாதம். வெவ்வேறு மதக்காரரின் வழக்கங்களுக்கு இந்த மாகாணம் எவ்வளவு தூரம் இடம் கொடுக்கலாம் என்று. முக்காடு, தலைப்பாகை, யூதர்களின் உணவு முத்திரை. ஊர் ஊராக ஆட்கள் ஒலிவாங்கிக்கு முன்னால் வரிசையில் நின்று மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினார்கள். மடாம் சமையலறையில் வானொலியைச் சத்தமாக வைத்துக் கேட்பார். நான் படி கழுவிக்கொண்டு போகும்போது கதவைத் திறந்து, "கேட்டியளே? நான் இஞ்சை பிறந்தனான். எனக்கு எவ்வளவு இடம் குடுக்கிறதெண்டு இப்ப யோசிக்கினம்," என்பார். நான் சிரித்துவிட்டுக் கீழே போய்விடுவேன். அவர் பதில் எதிர்பார்த்தாரா என்று அப்போது யோசிக்கவில்லை.

ஒக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணியிருக்கும். வாளியும் துடைப்பமுமாக மூன்றாம் மாடிக்கு ஏறினேன். அவருடைய கதவில் கறுப்பு எழுத்தில் இரண்டு ஆங்கிலச் சொற்கள். அவற்றை நான் இங்கே எழுதப்போவதில்லை. கைப்பிடிக்கு மேலே அந்த வளைந்த சிலுவை, சுவஸ்திகா. எங்கள் கோயில்களிலும் உள்ள சின்னம்தான். ஆனால் இந்த நாட்டில் அது என்ன சொல்கிறது என்பதை வந்த வருடமே அறிந்துகொண்டிருந்தேன்.

நான் யோசிக்கவில்லை. வாளியில் எப்போதும் பெயின்றைக் கரைக்கும் தின்னர் போத்தலும் பழைய துணியும் இருக்கும். எடுத்துத் தேய்க்கத் தொடங்கினேன்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு மதில் ஒரு முச்சந்தியில் இருந்தது. இருட்டில் யாராவது வந்து ஏதாவது எழுதிவிட்டுப் போவார்கள். இராணுவ ரோந்து வருவதற்கு முன் அதை அழித்துவிட வேண்டும். எழுதியது யார் என்று அவர்கள் தேட மாட்டார்கள். எழுத்து யாருடைய மதிலில் இருக்கிறதோ அவரைத்தான் பிடிப்பார்கள். எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் காய்ச்சலில் படுத்திருந்ததால் எழும்பப் பிந்திவிட்டது. அவரைக் கொண்டுபோனார்கள். மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தவரால் வலது கையைத் தூக்க முடியவில்லை. அதிலிருந்து, எங்கள் மதிலென்றும் பக்கத்து மதிலென்றும் பார்க்காமல், யார் முதலில் கண்டாலும் அழிப்போம். வீட்டுக்காரர் எழும்பும்போது சுவர் சுத்தமாக இருக்கும். அவரிடம் யாரும் சொல்லவும் மாட்டோம். ஒருவருக்கு ஒருவர் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான் என்று நினைத்தோம்.

மடாம் எட்டு மணிக்குத்தான் பத்திரிகை எடுக்கக் கதவைத் திறப்பார். அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று தேய்த்தேன். இரும்புப் பஞ்சால் விளிம்புகளையும் எடுத்தேன். மெசூசாவில் ஒரு துளி தெறித்திருந்தது, அதையும் நகத்தால் சுரண்டினேன். நடைக்கூட ஜன்னலைத் திறந்து தின்னர் வாடையைப் போகவிட்டேன். கால் மணித்தியாலத்தில் அங்கே ஒன்றும் இல்லை. கீழே இறங்கும்போது மனதுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

கால்துடைப்பானில் பத்திரிகை இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை.

அன்று அவர் ஆறரைக்கே கதவைத் திறந்து பத்திரிகையை எடுத்திருக்கிறார். எழுத்தைப் பார்த்திருக்கிறார். கதவைப் பூட்டிக்கொண்டு பின்னறைக்குப் போய், கட்டிலில் இருந்தபடி முதலில் பொலிசுக்கும் பிறகு கர்க்லாண்ட் புறநகரில் இருக்கும் மகனுக்கும் தொலைபேசி எடுத்திருக்கிறார். நான் கதவைத் தேய்த்துக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அவர் உள்ளே அந்தக் கட்டிலில் இருந்திருக்கிறார்.

ஒன்பது மணிக்குப் பொலிசார் இருவர் வந்தார்கள். வயதான ஓர் ஆணும் இளம் பெண்ணொருவரும். மகனும் வந்துவிட்டார், கழுத்துப்பட்டியோடு, வேலைக்குப் போகும் வழியில் திரும்பி வந்தவர். நான் இரண்டாம் மாடிப் படியில் நின்றேன். மேலே மடாமின் குரல் கேட்டது.

"இஞ்சைதான். இந்த இடத்திலைதான். என்ரை கண்ணாலை பாத்தனான்."

"கதவு சுத்தமாக் கிடக்கே, அம்மா," என்றார் மகன்.

"அதைத்தானே நானும் கேக்கிறன்!"

பெண் பொலிஸ் இறங்கி வந்து என்னிடம் பிரெஞ்சில் கேட்டார், காலையில் மேல்மாடிக் கதவில் ஏதாவது பார்த்தீர்களா என்று. அவருடைய கண் என் வாளிக்குப் போனது, பிறகு என் கைக்கு. எனக்குச் சீருடையைக் கண்டால் வாய் உலர்ந்துவிடும். ஊரைவிட்டு வந்து இருபது வருடமாகிறது, இன்னும் அப்படித்தான்.

"நோன்," என்றேன். "ரியன்."

இல்லை, ஒன்றுமில்லை. என் பிரெஞ்சில் பிழையில்லாமல் சொல்லக்கூடிய இரண்டு சொற்கள் அவை.

அவர்கள் மரியாதையாகவே எழுதிக்கொண்டு போனார்கள். மகன் படியில் என்னை நிறுத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீங்கள் அம்மாவை ஒவ்வொரு நாளும் பாக்கிறனியள். கொஞ்சக் காலமா ஏதும் மறக்கிறாவோ?"

நான் அப்போது சொல்லியிருக்கலாம். அவர் சீருடை போட்டவர் அல்ல. ஆனால் ஒருமுறை இல்லை என்றாகிவிட்டது. என் வாயில் வந்தது வேறு.

"சில நாள் திறப்பைக் கதவிலையே விட்டிடுவா."

அது உண்மை. அந்த வருடத்தில் இரண்டு தடவை சாவியை அப்படி விட்டிருக்கிறார், நான்தான் எடுத்துக் கொடுத்தேன். மகன் மெதுவாகத் தலையசைத்தார், தான் தேடிவந்தது கிடைத்த மாதிரி. அடுத்த நாள் தபால்பெட்டிக்கு மேலே ஒரு முதியோர் இல்லத்தின் வண்ணப் புத்தகம் இருந்தது, மடாமின் பெயரெழுதி.

அன்று மாலை மனைவியிடம் சொன்னேன். அவள் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் சமையல் வேலை செய்தாள், அப்போதுதான் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"துடைச்சது நல்லதுதானே. அதுக்கேன் முகத்தை உப்பிடி வைச்சிருக்கிறியள்?"

"பொலிசுக்கு ஒண்டும் காணேல்லை எண்டு சொல்லிப்போட்டன்."

அவள் சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தாள். "இனிப் போய்ச் சொல்லாதேங்கோ. சொன்னால் நீங்கள்தான் எழுதினதெண்டுவினம். எங்கட சாமிக் கலண்டரிலையும் உந்தச் சின்னம் கிடக்கு. அதை ஆர் விளங்கப்படுத்துறது? உங்கட பிரெஞ்சிலையே?"

"அந்த மனிசியை மகன் விசரியெண்டு நினைக்கிறான்."

"மகன் தாயைப் பாத்துக்கொள்ளுவான். எங்களை ஆர் பாக்கிறது?"

படுக்கப் போகுமுன் அவள் கலண்டரைக் கழற்றி மெத்தைக்குக் கீழே வைத்தாள். நான் தடுக்கவில்லை.

அதற்குப் பிறகான நாட்களை நினைக்க எனக்கு இன்றும் விருப்பமில்லை. மடாம் கதவைத் திறந்து பேசுவதை நிறுத்திவிட்டார். வானொலியும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் குழாய் ஒழுகுகிறது என்று கூப்பிட்டார். சமையலறைச் சுவர் முழுவதும் சின்னச் சின்ன மஞ்சள் தாள்கள் ஒட்டியிருந்தன. அடுப்பு நிறுத்தினேன், எட்டுப் பத்து. மாத்திரை போட்டேன், ஒன்பது. கதவு பூட்டினேன், இரண்டு தரம் பார்த்தேன். பள்ளிக்கூட அலுவலக எழுத்து, அழகாக, ஒரே அளவில். நான் குழாய்க்குக் கீழே தலையை விட்டுக்கொண்டு இருந்தேன்.

"மிஸ்டர்," என்றார் பின்னால் இருந்து. "அண்டைக்குக் காலமை நடைக்கூட வெளிச்சம் எரிஞ்சதே?"

"எரிஞ்சது, மடாம்."

"நான் கண்ணாடி போடேல்லை. நிழலா இருந்திருக்கலாம், என்ன?"

நான் குறட்டால் குழாயை இறுக்கினேன், தேவைக்கு மேலே இறுக்கினேன். பதில் சொல்லவில்லை. அவர் அதையே பதிலாக எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை டெப்பனருக்குப் போனேன். நடந்ததை, என்னைப் பற்றிய பகுதியை விட்டுவிட்டு, கடைக்கார அண்ணையிடம் சொன்னேன். அவர் லொத்தர் இயந்திரத்தில் தாள் மாற்றிக்கொண்டே, "உவை உப்பிடித்தான், ஒண்டுமில்லாததைப் பெரிசாக்கிறது. அனுதாபம் தேடுற வேலை," என்றார். பக்கத்தில் நின்றவர்கள் ஆமாம் போட்டார்கள். அந்த முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் வாயும் திறக்கவில்லை. ஒன்றுமில்லாததாக ஆக்கியது நான். அதைச் சொல்லாமல் ஒரு பால் பெட்டியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஒன்பதாம் நாள் மடாம் என்னைத் திருகாணி முறுக்கியோடு வரச் சொன்னார். நிலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நல்ல உடை போட்டிருந்தார்.

"மகன் சொல்லுறான், இதைக் கழட்டி உள்பக்கம் வைக்கட்டாம். இப்ப கனபேர் அப்பிடித்தானாம். வெளியிலை தெரியாது. ஒருத்தருக்கும் கரைச்சலில்லை." கொஞ்சம் நிறுத்தி, "அந்த முதியோர் வீடு பாக்கவும் அடுத்த கிழமை போறம். நல்ல இடமாம். பூந்தோட்டம் இருக்காம்," என்றார்.

நான் முறுக்கியை முதல் திருகாணியில் வைத்தேன். ஐந்து வருடத்துக்கு முன் நான் கழற்றத் தொடங்கிய அதே திருகாணி. அன்று கத்திக்கொண்டு ஓடிவந்தவர் இன்று பேசாமல் நிற்கிறார். என் கை அரைச் சுற்றுச் சுற்றியது. அதற்கு மேல் சுற்ற வரவில்லை.

"மடாம், நான் துடைச்சனான்."

"எதை?"

"எழுத்தை. நீங்கள் கண்டதை. ஏழு மணிக்கு வந்து நான் துடைச்சுப்போட்டன்."

அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. என் கையிலிருந்த முறுக்கியை வாங்கிக்கொண்டார்.

"எத்தினை சொல்?"

"ரெண்டு."

"என்ன நிறம்?"

"கறுப்பு."

"சின்னம் எங்கை இருந்தது?"

"கைப்பிடிக்கு மேலை. ஒரு கால் நீளமா, கோணலா."

ஒவ்வொரு பதிலுக்கும் அவர் முதுகு நிமிர்ந்தது. பரீட்சைத்தாள் திருத்துகிறவரைப் போலத் தலையை ஆட்டினார். கடைசிப் பதிலுக்குப் பிறகு நடைக்கூடச் சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடினார். "நான் கண்டனான்," என்றார் தனக்குள். பிறகு கண்ணைத் திறந்தார். இவ்வளவு கோபத்தை நான் அவரிடம் பார்த்ததில்லை.

"ஒம்பது நாள். ஒம்பது நாளா நான் எழும்பி எழும்பி அடுப்பைப் பாக்கிறன். என்ரை பேர் எனக்குச் சரியாத் தெரியுதோ எண்டு எழுதிப் பாத்தனான். நீங்கள் கீழை இருந்தனியள்."

நான் மதிலைப் பற்றிச் சொன்னேன். ரோந்து, எதிர்வீட்டுக்காரர், அவருடைய கை. என் ஆங்கிலத்தில் அது துண்டு துண்டாக வந்தது.

"என்ரை அப்பாவும் உங்களைப் போலத்தான்," என்றார் முடிவில். "தையல்கடை வைச்சிருந்தவர். கடைக் கண்ணாடியிலை ஆரும் எழுதினால், நாங்கள் எழும்ப முதல் துடைச்சுப்போடுவார். வீட்டிலை ஒரு சொல் சொல்ல மாட்டார். நான் பள்ளிக்கூடத்துக்குப் போனால் பெட்டையள் என்னைப் பாத்துச் சிரிப்பாளவை. ஏனெண்டு தெரியாது. முழுத் தெருவும் அதை வாசிச்சிருக்கு. நாங்கள் மட்டும்தான் வாசிக்கேல்லை."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ, மடாம்."

"போங்கோ, மிஸ்டர். இப்ப உங்களைப் பாக்க என்னாலை ஏலாது."

கதவு மூடியது. பாதி கழன்ற திருகாணியோடு மெசூசா அப்படியே இருந்தது. முறுக்கி உள்ளே போய்விட்டது.

அன்றிரவே மடாம் மகனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். அடுத்த நாள் மகனுடைய காரில் மூவரும் பொலிஸ் நிலையத்துக்குப் போனோம். மனைவி வாசல்வரை வந்து, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ," என்றாள். அன்று வந்த அதே பெண் பொலிஸ்தான். அந்த இரண்டு சொற்களையும் நான் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. மடாமைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. முதல் தடவை குரல் வெளியே வரவில்லை, திரும்பக் கேட்டார். ஏன் துடைத்தீர்கள் என்று கேட்டார். நல்லதென்று நினைத்தேன் என்றேன். ஏன் பார்க்கவில்லை என்று சொன்னீர்கள் என்று கேட்டார். பயம் என்றேன். யாருக்குப் பயம் என்று கேட்டார். நான் அவருடைய சீருடையைப் பார்த்தேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. படம் இல்லாததால் செய்தவரைக் கண்டுபிடிப்பது கஷ்டம், ஆனால் இது இப்போது பதிவில் இருக்கிறது என்றார். செய்தவர் யாரென்று இன்றுவரை தெரியாது.

திரும்பி வரும்போது ஒரு சிவப்பு விளக்கில் மகன் கண்ணாடிவழியாக என்னைப் பார்த்தார்.

"திறப்புக் கதை?"

"அது உண்மை," என்றேன்.

"உண்மைதான்," என்றார் மடாம் முன்னிருக்கையில் இருந்து. "உனக்கு முப்பது வயசிலையே கார்த் திறப்பைத் தேடித் தந்தது நான்."

பச்சை விளக்கு வந்ததும் மகன் காரை எடுத்தார். பிறகு, "அம்மா, அப்பிடியெண்டால் இது நடந்தது. அப்ப நீங்கள் அங்கை தனிய இருக்கிறது இன்னும் ஆபத்து," என்றார்.

மடாம் என் பக்கம் திரும்பினார். முதல் நாள் கதவை மூடிய பிறகு முதல் தடவையாக என்னைப் பார்த்துப் பேசினார். "கேட்டியளே? நடக்கேல்லையெண்டால் எனக்கு மூளை சரியில்லை, வெளிக்கிட வேணும். நடந்ததெண்டால் பயம், வெளிக்கிட வேணும். ரெண்டுக்கும் ஒரே பூந்தோட்டம்."

அவர் வெளிக்கிடவில்லை. அந்த முதியோர் இல்லத்தைப் பார்க்கவும் போகவில்லை. மெசூசாவின் திருகாணியைத் தானே இறுக்கியிருந்தார், கொஞ்சம் கோணலாக. ஆனால் எங்கள் கைப்பிடியில் ரொட்டி தொங்கவில்லை. நான் படி கழுவும்போது காலை வணக்கம் சொல்வார், அவ்வளவுதான். முறுக்கியைத் திரும்பக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டேன்.

பெப்ரவரியில், மூக்கு உறையும் குளிரில், அது மறுபடி வந்தது. இந்த முறை கீழே, முன்வாசல் கண்ணாடிக் கதவில். அவருடைய வீட்டு எண்ணையும் சேர்த்து எழுதியிருந்தார்கள். காலை ஆறே முக்காலுக்கு நான் பனி வழிக்க வந்தபோது கண்டேன். என் கை வாளிக்குப் போய்விட்டது. துணியை எடுத்தும்விட்டேன்.

துணியைக் கீழே வைத்துவிட்டு மூன்று மாடி ஏறி அவருடைய கதவைத் தட்டினேன். இரவு உடையோடு திறந்தார்.

"மடாம், கீழை எழுதியிருக்கு. நான் துடைக்கேல்லை."

"கையாலை ஒருத்தரும் தொடாமல் பாத்துக்கொள்ளுங்கோ," என்றார். "நான் ரெலிபோன் எடுக்கிறன்."

நான் கீழே வந்து அந்தக் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். பொலிஸ் வர மூன்று மணித்தியாலம் எடுத்தது. பதினெட்டு வீட்டு ஆட்களும் அந்த வழியால்தான் வேலைக்குப் போக வேண்டும். ஒவ்வொருவரும் கதவைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். ஆறு வருடத்தில் நான் பேசியதைவிட அன்று காலை அதிகம் பேசினேன். யார் எழுதியது? தெரியாது. ஏன் துடைக்கவில்லை? பொலிஸ் பார்க்க வேண்டும். யாருக்கு எழுதியது? அந்தக் கேள்விக்கு மட்டும் மேல்மாடிப் பக்கம் கையைக் காட்டினேன். முதல் மாடியில் இருந்த டாக்சிக்காரர், மொரோக்கோ நாட்டவர், ஒரு கோப்பி வாங்கிவந்து தந்துவிட்டு, பத்து நிமிடம் என்னோடு நின்றார்.

கணினி வேலைக்குச் சென்னையிலிருந்து வந்திருந்த பெண் ஒருவர் தன் சின்ன மகளைக் கூட்டிக்கொண்டு இறங்கினார். குழந்தையின் முகத்தைத் தன் கோட்டில் அழுத்திக்கொண்டார்.

"என்ன சார் இது, இன்னும் துடைக்காம வெச்சிருக்கீங்க? குழந்தைங்கல்லாம் போற வழி."

"ஓம் பிள்ளை. பொலிஸ் வரும்வரைக்கும் வைச்சிருக்கோணும்."

"அந்தம்மாவுக்குக் கஷ்டமா இருக்காதா, எல்லாரும் படிச்சா?"

அவர் சொன்னதும் சரிதான். நான் காத்து நின்றது மடாமை அவமானப்படுத்தும் எழுத்தை. என் முதுகால் அதை மறைத்துக்கொண்டு நிற்கலாமா என்றுகூட நினைத்தேன். மறைத்தால் துடைத்ததற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? கொஞ்சம் விலகி நின்றேன்.

எட்டரைக்குக் கட்டடத்தின் முகாமையாளர் தொலைபேசியில் வந்தார். யாரோ சொல்லிவிட்டிருந்தார்கள். வாடகைக்கு வீடு பார்க்க ஆட்கள் வருகிறார்கள், உடனே துடை என்றார்.

"இல்லை, சேர்," என்றேன்.

"என்ன இல்லை?"

"பொலிஸ் படம் எடுக்கட்டும். பேந்து துடைக்கிறன்."

அவர் கத்தினார். என்ன சொன்னார் என்று சொற்சொல்லாக ஞாபகமில்லை. என் காது நெருப்பாக இருந்தது, அதுதான் ஞாபகம். வேலை போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை, ஆனால் அன்று அது எனக்குத் தெரியாது.

பிறகு மடாம் இறங்கி வந்தார். கனத்த கோட்டும் தொப்பியும், கைத்தடியும். மற்றக் கையால் ஒரு மடக்குக் கதிரையைப் படிப்படியாக இழுத்து வந்தார். நான் ஓடிப்போய் வாங்கினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்தை முழுவதும் வாசித்தார், தன் வீட்டு எண்வரை.

"போன முறையைவிடச் சின்னனா எழுதியிருக்கிறான்," என்றார். "கை விறைச்சிருக்கும்."

கதிரையை விரித்துக் கதவுக்கு நேரே வைத்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு கேட்டவர்களுக்கு அவரே பதில் சொன்னார். யாருக்கு எழுதியது என்று கேட்டால், "எனக்கு. மூண்டாம் மாடி," என்று கைத்தடியைக் கொஞ்சம் உயர்த்துவார். சிலர் அவருடைய கையைப் பிடித்தார்கள். சிலர் தலையைக் குனிந்துகொண்டு வேகமாகப் போனார்கள். மகன் வந்து, பனியோடு அப்படியே நின்று அதை வாசித்தார். பூந்தோட்டத்தைப் பற்றி அன்று பேசவில்லை. கதவின் மற்றப் பக்கத்தில், எனக்கு எதிரே, பொலிஸ் வரும்வரை நின்றார்.

படம் எடுத்து முடிந்ததும், இனிச் சுத்தம் செய்யலாம் என்றார்கள். நான் துணியை எடுத்தேன். உறைந்துபோயிருந்ததால் அது சுலபமாகப் போகவில்லை. மடாம் கதிரையில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி எழுத்துப் போகும்வரை எழும்பவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் கைப்பிடியில் பை தொங்கியது. உள்ளே பாதி ரொட்டியும் என் பழைய திருகாணி முறுக்கியும் இருந்தன. மனைவி மெத்தைக்குக் கீழிருந்து கலண்டரை எடுத்தாள். அதற்குள் அது போன வருடத்துக் கலண்டர் ஆகிவிட்டிருந்தது. புதியதை வாங்கி வந்து, சாமியறைக் கதவுக்கு உள்பக்கமாக மாட்டினாள். ஏன் உள்பக்கம் என்று நான் கேட்கவில்லை.

இப்போது தின்னர் போத்தலை நான் வாளியில் வைப்பதில்லை. நிலவறை அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். எங்கே எதைக் கண்டாலும், அதை எடுக்கக் கீழே போய் வர வேண்டும். அதற்குள் அது யாருடைய கதவு என்று நினைத்துப் பார்க்கவும், அவரைத் தட்டி எழுப்பவும் நேரம் கிடைக்கும். ஆனால் இன்றும் சுவரில் எதையாவது கண்டால், பிள்ளைகள் கிறுக்கிய வெண்கட்டிக் கோடாக இருந்தாலும், என் கை முதலில் துணியைத்தான் தேடுகிறது.